சம்பந்தி வீட்டு ஊஞ்சல்

அந்தப் பட்டனை அமுக்கிப்போடாதீங்க தம்பி. சித்தெ பொறுங்க.

அடுத்தவன் போனை எட்டிப் பாக்கறானேன்னு தப்பா நெனைக்காதீங்க. இந்த நெரிசல்ல கண்ணை வேற எங்கீங்க கொண்டுபோயி வெக்கறது. ஷூவுங்களா அது? ரெண்டாயிரத்து ஐந்நூறை அடிச்சுப்போட்டு நூத்திச் சொச்சம்னு போட்டிருக்கான். மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. அந்த மினுக்கலைப் பாத்தாலே இப்பெல்லாம் எனக்கு ஒரு ஊஞ்சல் நெனப்பு வந்துருமுங்க. காங்கயம் போய்ச் சேர்ற வரைக்கும் உங்களுக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. நான் சொல்றதைக் கேட்டுப்போட்டு அப்புறம் அமுக்குங்க.

நான் சென்னியப்பனுங்க. கவுந்தப்பாடியில மாட்டுத் தீவனக் கடை. தவுடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. மூட்டையை ஒரு தட்டுத் தட்டுனா உள்ள மண்ணு கலந்திருக்கா இல்லையான்னு சொல்லிப்போடுவேன். எடையில என்னை ஏமாத்தோணும்னா அவன் இனிமேலுதான் பொறந்து வரோணும். பெருமைக்குச் சொல்லலைங்க. ஆன்லைன்ல சூதானமா வாங்கறது எப்படின்னு சொல்றதுக்கு இவனுக்கு என்ன தகுதின்னு நீங்க கேக்கக்கூடாதில்லீங்களா, அதுக்குத்தான்.

எனக்கு ஒரே புள்ளை. மோகனப்பிரியான்னு பேரு. கோயமுத்தூர்ல கம்பெனி வேலை. அதுக்குக் காங்கயத்துல மாப்பிள்ளை தெகைஞ்சுது. தரணீதரன்னு, தங்கமான பையன். சம்பந்தி குழந்தைசாமி கொப்பரை காயப்போடற தேங்காய்க் களம் வெச்சிருக்காரு. புதுசா ஊடு கட்டியிருந்தாங்க. ஊடுன்னா ஊடு, எங்க ஊட்டை அப்படியே தூக்கி அவிய ஹால்ல வெச்சாலும் சுத்தி நடக்க எடம் இருக்கும்.

நிச்சயத்தன்னிக்கு அந்த ஹால்லதான் உக்காந்திருந்தோம். சம்பந்தியம்மா நாகமணி ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க. "பழைய ஊட்டுல ஊஞ்சல் இருந்துச்சுங்க. உளுத்துப் போச்சுன்னு அங்கயே விட்டுட்டு வந்துட்டோம். இவருக்குத்தான் சாப்ட்டதும் எங்க உக்கார்றதுன்னு தெரியாம சுத்திச் சுத்தி வர்றாரு." அவ்வளவுதானுங்க. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கலை.

நான் எந்திரிச்சு நின்னுட்டனுங்க. "அந்த ஊஞ்சலுக்கு நான் பொறுப்பு"ன்னேன். சபை முழுக்க ஒறம்பறை, சொந்தபந்தம். என்ற ஊட்டுக்காரி ருக்குமணி என்ற வேட்டியைப் புடிச்சு கீழ இழுக்கறா. சம்பந்தி, "எதுக்குங்க சம்பந்தி உங்களுக்குச் சிரமம்"ங்கறாரு. அவரு வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல எனக்கு ஊஞ்சல் பெருசாயிட்டே போச்சு. தேக்குன்னேன். பித்தளைச் சங்கிலின்னேன். நாலு பேரு தாராளமா உக்கார்ற மாதிரின்னு சொன்னதுக்கப்பறம்தான் எனக்கே உக்காரத் தோணுச்சு.

மறு வாரம் ஈரோட்டுல ஒரு பெரிய கடையில போயி விலை கேட்டேன். கேட்டதும் தண்ணி குடுன்னு வாங்கிக் குடிச்சுப்போட்டு வெளிய வந்துட்டேன்.

அப்பத்தானுங்க, ஒரு மத்தியானம் கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கறேன், போனைத் தள்ளறேன், ஊஞ்சல் வருது. நான் ஊஞ்சல்னு வாயாலதான் சொன்னேன், அது போனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் புடிபடலை. தெய்வச் செயல்னு நெனச்சேன். தேக்கு மரம், பித்தளைச் சங்கிலி, கூடவே பட்டு மெத்தை இனாம். படத்துல ஒரு குடும்பமே உக்காந்து சிரிக்குது. அறுபதாயிரத்தை அடிச்சுப்போட்டு ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம்.

அவ்வளவு கொறைவா இருந்தா சந்தேகம் வரோணுமில்லன்னு நீங்க கேப்பீங்க. வந்துச்சுங்க. கண்ணை மூடிட்டு வாங்கற ஆளா நான்? புள்ளை முன்னாலயே சொல்லிக் குடுத்திருந்துச்சு. "அப்பா, கடைக்கு அட்ரஸ் இருக்கான்னு பாருங்க. வாங்குனவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. சாமான் கைக்கு வந்தப்பறம் காசு குடுக்கற மாதிரி இருந்தா மட்டும் வாங்குங்க"ன்னு. எல்லாத்தையும் பாத்தனுங்க.

அட்ரஸ் இருந்துச்சு. "இந்தியா"ன்னு போட்டிருந்துச்சு. நம்ம நாட்டுக்காரன்தான்னு மனசுக்குத் தெம்பாப் போச்சு.

வாங்குனவங்க எழுதுனதையும் படிச்சேன். "பொருள் மிக தரம் என் கணவர் மிக மகிழ்ச்சி." எல்லாரும் அதையேதான் எழுதியிருந்தாங்க. செல்வராசுன்னு ஒருத்தரு, அவரும் அதையேதான் எழுதியிருந்தாரு. பொய்யின்னா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க தம்பி. அத்தனை பேரும் ஒரு எழுத்து மாறாம சொல்றாங்கன்னா அப்புறம் அதுல என்னங்க சந்தேகம்?

காசு மட்டும் முன்னாலயே கட்டோணும்னு இருந்துச்சு. அங்க நான் நின்னேன். எனக்குப் புடிக்கலை. ஓரத்துல, கேள்வி கேட்டா பதில் சொல்ற மாதிரி ஒரு பொட்டி இருந்துச்சு. சுத்தி வளைக்காம கேட்டுப்போட்டேன். "நீங்க ஏமாத்தறவங்களா?" கேட்ட கையோட பதில் வந்துச்சு. "இல்லை சார். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி." ஏமாத்தறவனா இருந்தா சித்தெ யோசிச்சிருப்பான்.

இதுக்கு நடுவுல மேல ஒரு கடிகாரம் ஓடுது. இன்னும் ஒம்பது நிமிசம்தான், அப்புறம் பழைய விலைன்னு. நான் கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள ஒம்பது நிமிசமும் ஓடிப் போச்சு. போச்சுடான்னு மூடிப்போட்டேன். மனசு கேக்காம மறுபடியும் தொறந்தா, மறுபடியும் ஒம்பது நிமிசம். எனக்குன்னு தனியாக் குடுத்தானுங்க. அந்த மருவாதிக்குத்தான் காசைக் கட்டுனேன்.

எடையா? அதைத்தானுங்க சொல்ல வர்றேன், நீங்களே கேட்டுட்டீங்க. எடை போட்டிருந்துச்சு. முந்நூத்தம்பது கிராம்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அச்சடிக்கறவன் கிலோவைக் கிராம்னு அடிச்சுப்போட்டான், பாவம். என்ற கடையிலயும் பில் போடற புள்ளை இப்படித்தான் அடிக்கும். தேக்குன்னா கனம் இருக்கும், முந்நூத்தம்பது கிலோன்னா நயம் சரக்குதான்னு முடிவு பண்ணிட்டேன்.

சாமான் நேரா காங்கயத்துக்கே போற மாதிரி சம்பந்தி ஊட்டு அட்ரஸைக் குடுத்தேன். அவருக்குப் போன் போட்டேன். "ஊஞ்சல் வருதுங்க. மச்சுல கொக்கி மாட்டி வெய்யுங்க. சாதாரணக் கொக்கி ஆகாது, ஊஞ்சலே முந்நூத்தம்பது கிலோ"ன்னேன். "ஊஞ்சலுங்களா, தேருங்களா?"ன்னு கேட்டாரு. தமாசு பேசற மனுசன்.

புது ஊடுங்க அது. மச்சுல பூப்பூவா வேலைப்பாடு பண்ணி, உள்ளுக்குள்ள வெளக்கு வெச்சிருந்தாங்க. அதை ஒடைச்சு, கான்கிரீட்டைத் தொளை போட்டு, யானை கட்டற மாதிரி ரெண்டு கொக்கி மாட்டுனாங்க. ஹால் முழுக்கத் தூசி. நாகமணியம்மா அவியளே வெளக்குமாத்தை எடுத்துக் கூட்டுனாங்க. அவிய நல்ல கொணத்துக்கு எதைச் சொல்றது.

சாமான் வர்ற அன்னிக்கு நானும் ருக்குமணியும் போனோம். சும்மா போகலை. லாரியில இருந்து எறக்க ஆளு வேணுமில்லீங்களா, என்ற கடை லோடுமேனுக நாலு பேரைக் கூட்டிட்டு டெம்போவுல போனேன். கயிறு, உருட்டுக்கட்டை, கீழ விரிக்கச் சாக்கு எல்லாம் கொண்டுபோனோம். சம்பந்தி ஊட்டுல பங்காளிக வேற வந்திருந்தாங்க. ஊஞ்சல் ஏத்தறதுன்னா நல்ல காரியமில்லீங்களா, ஒரு பூசை போட்டுறலாம்னு தேங்கா பழமெல்லாம் வாங்கி வெச்சிருந்தாங்க. வாசல்ல நிறுத்தியிருந்த காரை, லாரி திரும்பறதுக்கு எடம் வேணும்னு எடுக்கச் சொன்னேன். பக்கத்து ஊட்டுக்காரரையும் எடுக்கச் சொன்னேன்.

பதினோரு மணி வாக்குல ஒரு கொரியர்ப் பொண்ணு ஸ்கூட்டியில வந்துச்சு. "ஓரமாப் போம்மா, லாரி வருது"ன்னேன். "சென்னியப்பனுங்களா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். தோள்பைக்குள்ள கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து நீட்டுச்சு. அரைக்கிலோ மைசூர்பாகு டப்பா இருக்குமுங்களே, அந்த அளவு.

நான் அப்பவும் தெகைக்கலைங்க. "இது நட்டு போல்ட்டு. ஊஞ்சல் பொறகால வருது"ன்னு எல்லார்த்துக்கும் விளக்கிச் சொன்னேன். லோடுமேன் ஒருத்தனைச் செக்போஸ்ட் வரைக்கும் போயி லாரி வருதான்னு பாத்துட்டு வரச் சொன்னேன். அந்தப் பொண்ணு, "சார், ஒரே பார்சல்தான் சார், கையெழுத்துப் போடுங்க"ன்னுச்சு. போட்டேன்.

சம்பந்தி, "நட்டை எடுத்து வெச்சுட்டா வேலை சுளுவாயிரும்"னு டப்பாவைப் பிரிச்சாரு.

உள்ள ஊஞ்சல் இருந்துச்சுங்க. ஊஞ்சலேதான். தேக்குதான், பித்தளைச் சங்கிலிதான், பட்டு மெத்தையும் இருந்துச்சு. மெத்தை தீப்பொட்டி அளவு. மொத்த ஊஞ்சலும் சம்பந்தியோட உள்ளங்கையில உக்காந்திருக்குது. கிருஷ்ண ஜெயந்திக்குச் சாமியை வெச்சு ஆட்டுவாங்க பாருங்க, அந்த ஊஞ்சல்.

பூசைக்கு வந்த பங்காளி ஒருத்தரு மச்சுல இருந்த கொக்கியைப் பாக்கறாரு, கையில இருந்த ஊஞ்சலைப் பாக்கறாரு, மறுபடியும் கொக்கியைப் பாக்கறாரு. என்ற லோடுமேன் பொங்கியண்ணன் தலையில கட்டுன துண்டை அவுத்துக்கிட்டே, "அண்ணா, எறக்கறதுக்கு நாலு பேருமே வேணுமுங்களா, நான் ஒருத்தனே பாத்துக்கட்டுமா?"ன்னு கேட்டான். அவனுக்கு அன்னிக்குக் கூலியோட சாப்பாட்டையும் போட்டுத்தானுங்க அனுப்புனேன்.

நாகமணியம்மாதான் முன்னால வந்தாங்க. அந்த ஊஞ்சலை ரெண்டு கையிலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "நம்ம கிருஷ்ணருக்கு ஊஞ்சல் இல்லைன்னு நானே நெனச்சுட்டிருந்தேன்"னு சொல்லிப் பூசை ரூமுக்குக் கொண்டுபோனாங்க. சம்பந்தி அவிய பொறகாலயே பாத்துட்டு நின்னுபோட்டு, "சாமிக்கு ஆச்சு. நான் எங்க உக்கார்றது?"ன்னு மெதுவாக் கேட்டாரு. ருக்குமணி என்னைப் பாத்த பார்வையை நான் பஸ்சுல வெச்சுச் சொல்ல முடியாதுங்க.

சும்மா விடுவனுங்களா? அந்தக் கடைக்காரனோட கஸ்டமர் கேர் நம்பரைப் போன்லயே தேடிப் புடிச்சேன். மொதல்ல வந்த நம்பருக்கே அடிச்சேன். ஒரே மணியில எடுத்தான். தீபக்குன்னு ஒரு பையன். நல்ல மருவாதியான பையனுங்க, இப்படி ஒரு பொறுமைசாலியை நான் பாத்ததே இல்லை. "சார், உங்க பணத்தை இப்பவே திருப்பித் தர்றோம் சார். அதுக்கு ஒரு ஆப் மட்டும் உங்க போன்ல ஏத்தணும் சார்"ன்னான். சரீப்பா ஏத்துன்னேன். ஏத்துனா, எடமில்லைன்னு போன் சொல்லுது.

"சார், கொஞ்சம் போட்டோ அழிங்க சார்"ன்னான்.

தம்பி, என்ற போன்ல இருக்கறது பூராவும் காலை வணக்கமுங்க. தெனமும் வரும். ரோசாப்பூ, சூரியன், முருகர், மயில், புறா. எதைங்க அழிக்கறது? "எதாச்சும் அழிங்க சார்"ங்கறான். முருகரை எப்படீப்பா அழிக்கறதுன்னேன். "அப்போ பூவை அழிங்க சார்"ன்னான். பூவுக்கு மேலதான் என்ற தங்கச்சி பேரு போட்டு அனுப்பியிருக்குது. சம்பந்தியும் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. "அந்தப் புறா நல்லாருக்குதுங்க, அதை எங்க பையனுக்கு அனுப்பிப்போட்டு அழிங்க"ங்கறாரு. மாப்பிள்ளைக்கு அனுப்புனா, அனுப்புனதுக்கும் எடம் வேணுமாம். ஒண்ணு அழிச்சோம். அதுக்குள்ள ரெண்டு மத்தியான வணக்கம் வந்துருச்சு.

அந்தத் தீபக் பையன் விடலைங்க. "சார், வேற போன் இருக்கா சார்?" சம்பந்தி அவரோடதைக் குடுத்தாரு, அது பட்டன் போனு. ருக்குமணிகிட்டக் கேட்டேன். "என்ற போன்ல சார்ஜ் இல்லை"ன்னா. எனக்குத் தெரிஞ்சு அவ போன்ல சார்ஜ் இல்லாம இருந்ததே இல்லை, அன்னிக்குன்னு பாத்து இல்லை. மறுபடியும் என்ற போனுக்கே வந்தோம். எனக்குக் கண்ணாடி வேற இல்லை. சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு. நாகமணியம்மா எலை போட்டுக் கூப்புடறாங்க. "தீபக்கு, இரு, சாப்ட்டு வந்தர்றேன், லைன்லயே இரு"ன்னேன். இருந்தானுங்க. பாயசத்தையும் குடிச்சுப்போட்டு வந்து, எங்கப்பா விட்டோம், மயில்கிட்டயான்னு கேட்டேன்.

அப்பத்தான் அந்தப் பையனுக்கு என்னமோ ஆயிருச்சு. "சார், உங்க பணமே எனக்கு வேண்டாம் சார். என்னை விட்டுருங்க சார்"னு சொல்லி வெச்சுட்டான். பாத்தீங்களா, பணத்தைத் திருப்பித் தர்றதுக்குக் கூப்ட்டவன், என்ற பணம் வேண்டாங்கறான். வேலைப் பளுவுல என்ன பேசறோம்னே தெரியலை பாவம். அப்புறம் அடிச்சா அந்த நம்பரே எடுக்கலை. இத்தனைக்கும் நான் அவனை ஒரு வார்த்தை கடுசாப் பேசலைங்க.

சாயங்காலம் புள்ளை கோயமுத்தூர்ல இருந்து கூப்புட்டுச்சு. மாப்பிள்ளை சொல்லியிருப்பாரு போல. திட்டலைங்க. திட்டியிருந்தாத் தேவலை. "யாருமே கேக்கலையே அப்பா. எதுக்குப்பா எந்திரிச்சு நின்னு சொன்னீங்க?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

அந்த ஊட்டுல எல்லாமே அவியளோடது. சொவரு, வெளக்கு, அலமாரி, மேல ஓடற பேன் வரைக்கும். இதுல நம்ம ஊட்டுதுன்னு ஒண்ணு இருந்தா, மனசு செரியில்லாத அன்னிக்குப் புள்ளை அதுல போயி உக்காருமேன்னு ஒரு நெனப்பு. அதையெல்லாம் போன்ல எப்படிங்க சொல்றது. அதனால, "இப்பப் பாத்தேன் அம்மிணி, அதே ஊஞ்சல் இன்னும் நூறு ரூபா கொறஞ்சிருக்குது, பெருசாப் பாத்து இன்னொண்ணு போட்டுறட்டுமா?"ன்னு கேட்டேன். போனை வெச்சுருச்சு.

பொறகு கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்ப, சம்பந்தி கூப்புட்டாரு. குரலே மாறிக் கெடக்குது. "சம்பந்தி, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. ஊஞ்சல் வந்துருச்சு. லாரியில வந்துச்சு. ஆறு பேரு சேந்து எறக்குனாங்க. கவுந்தப்பாடி சென்னியப்பன் அனுப்புனதுன்னு சொல்லி மாட்டிக் குடுத்துட்டுப் போறாங்க"ன்னாரு.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. அந்த ஆன்லைன் கடைக்காரன் தப்பை உணந்து சரியான சாமானை அனுப்பிப்போட்டான் பாருங்க, ஒலகத்துல இன்னும் நல்லவங்க இருக்கத்தான் செய்யறாங்கன்னு, அந்தக் கையோட போனை எடுத்து அவனுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டேன். என்ன எழுதறதுன்னு தெரியலை, மேல இருந்ததைப் பாத்தே எழுதிப்போட்டேன். என் கணவர் மிக மகிழ்ச்சின்னு.

ருக்குமணிகிட்டச் சொன்னேன். அவ அரிசி பொடைச்சுட்டிருந்தவ மொறத்தைக் கீழ வெச்சுட்டா. "உங்க கடைக்காரன் அனுப்பலை. உங்க புள்ளை அனுப்புச்சு"ன்னா. புள்ளை வேலைக்குப் போன நாள்ல இருந்து கல்யாணத்துக்குன்னு சேத்து வெச்சிருந்ததை எடுத்து, நேரா ஆசாரி பட்டறைக்கே போயி, பலகையைத் தட்டிப் பாத்து, அளவு குடுத்துச் செய்யச் சொல்லியிருக்குது. அப்பா பேரைத்தான் சொல்லோணும், என்ற பேரு வெளிய வரக்கூடாதுன்னு ஆசாரிகிட்டச் சொல்லி, மாப்பிள்ளைகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்குது. எவ்வளவாச்சுன்னு கேட்டேன். நாப்பத்திரண்டாயிரமாமுங்க.

கல்யாணம் நல்லபடியா ஆச்சு. சம்பந்தி இப்பச் சாப்ட்டதும் அதுலதான். ஒறம்பறை யாரு வந்தாலும், "எங்க சம்பந்தி போட்டது"ன்னு சொல்லிச் சொல்லிக் காட்டறாரு. நானும் ஆமான்னு தலையை ஆட்டிக்கறேன். போன மாசம் போயிருந்தப்ப, புள்ளை ஆபீசுல என்னமோ சங்கடம்னு வந்து, செருப்பைக் கூடக் கழட்டாம அதுல சாஞ்சு உக்காந்துச்சு. நான் போயி பக்கத்துல உக்காந்தேன். காலால மெதுவா உந்திட்டிருந்தோம். நல்ல மரமுங்க. ஒரு கிறீச்சு கெடையாது. உக்காந்தா எந்திரிக்க மனசு வராது.

இப்பக்கூட அங்கதானுங்க போயிட்டிருக்கறேன்.

ஆனா நாப்பத்திரண்டாயிரம் தம்பி. நீங்களே சொல்லுங்க. அறுபதாயிரத்து ஊஞ்சலையே ஆயிரத்து எண்ணூத்துக்குக் குடுக்கறப்ப, ஒரு பலகைக்கும் நாலு சங்கிலிக்கும் நாப்பத்திரண்டாயிரமுங்களா? எனக்கு அவ்வளவு சொல்லிக் குடுத்த புள்ளை, நேர்ல போயி நல்லா ஏமாந்துட்டு வந்து நிக்குது. அந்த ஆசாரி மொகத்தைப் பாத்தே நம்பியிருக்கும். சின்னப் புள்ளைதானுங்களே, யாவாரம் என்ன தெரியும்.

நான் அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கலைங்க. சொன்னா மனசு சங்கடப்படும்.